கையில் இல்லை, காலில் இருக்கிறது வீச்சு

டிஸ்க் கோல்ஃப் ஆட்டத்தில் ‘பேக்ஹேண்ட்’ வீச்சைத் திருத்திக்கொள்ள முயலும் சாமானிய ஆட்டக்காரர்கள் கற்கும் முதல் பாடம்: பலத்தைக் குறை, வரிசையைச் சரிசெய்.

2016 மார்ச்சில் அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில், ப்ரிம் என்ற சிற்றூருக்கு அருகே, டேவிட் விக்கின்ஸ் ஜூனியர் என்ற இளைஞர் எறிந்த பிளாஸ்டிக் தட்டு 338 மீட்டர் பறந்துபோய் விழுந்தது. மூன்று கால்பந்து மைதானங்களை நீளவாக்கில் அடுக்கினாலும் எட்டாத தூரம். பலமான காற்று உதவியது உண்மைதான். ஆனால் காற்று எல்லோருக்கும்தான் வீசுகிறது. இதே விக்கின்ஸ் நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, மீசை அரும்பும் வயதிலேயே, 255 மீட்டர் எறிந்தவர்.

மறுபக்கம், பூங்காக்களில் வார இறுதியில் ஆடும் சாமானியர்கள். ஜிம்முக்குப் போய்த் தோளை முறுக்கேற்றியவர்கள் பலருக்கும் 80, 90 மீட்டரில் ஒரு சுவர் எழும்பி நிற்கிறது. எவ்வளவு மூர்க்கமாக வீசினாலும் தட்டு அதைத் தாண்ட மறுக்கிறது. பக்கத்தில் ஒல்லியான பள்ளி மாணவன் ஒருவன் அலட்டிக்கொள்ளாமல் வீசும் தட்டோ அவர்கள் தலைக்கு மேல் பறந்துபோகிறது. வித்தியாசம் பலத்தில் இல்லை, வீசும் முறையில்.

டிஸ்க் கோல்ஃப், பெயர் சொல்வதுபோல, கோல்ஃபின் தம்பி. பந்துக்குப் பதில் தட்டு. குழிக்குப் பதில் கம்பத்தில் பொருத்திய இரும்புக் கூடை. அதன் மேல் தொங்கும் சங்கிலிகள் தட்டைத் தடுத்துக் கூடையில் விழவைக்கும். குறைந்த வீச்சுகளில் கூடையை எட்டுபவர் வெற்றியாளர். ஃபிரிஸ்பி தயாரித்த வாம்-ஓ நிறுவனத்தில் வேலை பார்த்த எட் ஹெட்ரிக்தான் இதன் தந்தை. 1975ல் கலிஃபோர்னியாவின் ஓக் க்ரோவ் பூங்காவில் முதல் நிரந்தர மைதானம் அமைந்ததும், 1976ல் தொழில்முறைச் சங்கமான பி.டி.ஜி.ஏ. பிறந்ததும் இவரால்தான். 2002ல் அவர் இறந்தபோது, விருப்பப்படியே அஸ்தியைப் பிளாஸ்டிக்கில் கலந்து நினைவுத் தட்டுகளாக வார்த்தார்கள்.

இன்று உலகில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மைதானங்கள் உள்ளன. பெரும்பகுதி அமெரிக்காவில். ஃபின்லாந்து, எஸ்டோனியா போன்ற நாடுகளிலும் ஆட்டம் ஊர் ஊராக வேரூன்றிவிட்டது. 2020ல் கோவிட் காலத்தில் மற்ற விளையாட்டுகள் முடங்க, திறந்தவெளியில் தள்ளி நின்று ஆடும் இந்த ஆட்டத்துக்குக் கூட்டம் குவிந்தது. பணமும் வந்தது. 2021ல் பால் மெக்பெத் என்ற வீரருக்கு டிஸ்க்ராஃப்ட் நிறுவனம் பத்து ஆண்டுகளுக்கு ஒரு கோடி டாலர் தர ஒப்பந்தம் போட்டது.

சுழலும் பம்பரம்

பேக்ஹேண்ட் என்பது சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் ‘அல்டிமேட்’ ஆடும் இளைஞர்களுக்கு நன்கு தெரிந்த வீச்சுதான். வலது கைக்காரர் தன் வலது தோளை இலக்குக்குக் காட்டி நிற்கிறார். கையை உடம்புக்குக் குறுக்கே பின்னால் நீட்டி, முன்னோக்கி இழுத்து விடுகிறார். ஆனால் அல்டிமேட் தட்டு தடித்தது, மெதுவாக மிதப்பது. டிஸ்க் கோல்ஃபில் தூரத்துக்கு எறியும் தட்டு சுமார் 21 செ.மீ. குறுக்களவு, 175 கிராம் வரை எடை, கத்திபோல் சரிந்த விளிம்பு. 1983ல் இந்தச் சரிவான விளிம்பு வந்தபிறகுதான் ஆட்டத்தில் தூரம் கூடியது. கூடவே தவறுக்குத் தண்டனையும் கூடியது.

பறக்கும் தட்டு, படுத்துச் சுழலும் பம்பரம் மாதிரி. சுழற்சிதான் அதைச் சாயாமல் காக்கிறது. வலது கைக்காரர் விட்ட தட்டு, மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளின் திசையில் சுழலும். வேகம் குறைந்ததும் இடப்பக்கம் சரிந்து இறங்கும். வேகமான விளிம்புள்ள தட்டை மெதுவாக வீசினால் இந்தச் சரிவு சீக்கிரமே தொடங்கிவிடும். புதியவர்கள் ஏமாறும் இடம் இதுதான். தூரம் வரவில்லை என்று இன்னும் வேகமான தட்டை வாங்குகிறார்கள். அது இன்னும் சீக்கிரமாக இடப்பக்கம் விழுகிறது. பை நிறைகிறது, தூரம் ஏறுவதில்லை.

பஸ் பிரேக் போட்டால்

நல்ல வீச்சு தரையிலிருந்து தொடங்குகிறது. வலது கைக்காரரின் ஓட்டம் மூன்றே அடி: வலது கால், அதன் பின்னால் குறுக்கே இடது கால், பிறகு மீண்டும் வலது கால். இதற்கு ‘எக்ஸ் ஸ்டெப்’ என்று பெயர். கடைசி அடியில் வலது கால் உறுதியாக ஊன்ற வேண்டும். கை அப்போதும் பின்னால்தான் நீண்டிருக்க வேண்டும். கால் ஊன்றும் முன்பே கை இழுக்கத் தொடங்கினால் அது கையின் பலம் மட்டுமே.

ஓடும் பஸ் திடீரென்று பிரேக் போட்டால் நின்றுகொண்டிருப்பவர் முன்னால் தள்ளப்படுவார். ஊன்றிய கால்தான் இங்கே பிரேக். கீழே ஓட்டம் நிற்க, அந்த விசை மேலே ஏறுகிறது. முதலில் இடுப்பு திரும்புகிறது, பிறகு மார்பு, தோள், முழங்கை, கடைசியில் மணிக்கட்டு. சாட்டையின் பிடியில் மெதுவாகத் தொடங்கும் அசைவு நுனியில் சொடுக்காக முடிவதைப் போல. முன்னணி ஆண் வீரர்கள் வீசும் தட்டு மணிக்கு 110 கி.மீ. வேகத்தைத் தாண்டுவது இந்த வரிசையால்தான்.

தட்டு வரும் பாதையும் முக்கியம். அது மார்புக்கு அருகே, இலக்கை நோக்கிய நேர்கோட்டில் வர வேண்டும். சாமானியர்களிடம் அதிகம் காணப்படும் குறை, தட்டு உடம்பைச் சுற்றி வளைந்து வருவது. ‘ரவுண்டிங்’ என்று இதைச் சொல்கிறார்கள். மேல்கை மார்போடு ஒட்டிக்கொண்டுவிட, முழங்கை முன்னேற இடமில்லாமல் போகிறது. விளைவு, வேகமும் போகிறது, திசையும் போகிறது. தட்டு எந்தக் கணத்தில் கையை விட்டுப் போகும் என்பது வீசுபவருக்கே தெரியாது. மேல்கைக்கும் மார்புக்கும் இடையே செங்கோணம் அளவு இடைவெளி குறையாமல் வைத்து, முழங்கையை முன்னே போகவிடுவதுதான் மருந்து.

அடுத்த எதிரி மூக்கு. தட்டின் முன்விளிம்பைத்தான் மூக்கு என்கிறார்கள். அது சில டிகிரி மேலே தூக்கியிருந்தாலும் தட்டு காற்றில் ஏறி, வேகமிழந்து, இடப்பக்கம் விழுந்துவிடும். உடம்பைப் பின்னால் சாய்த்து வானத்தை நோக்கி வீசுபவர்களுக்கு இது நிச்சயம். கெட்டிலிலிருந்து டீ ஊற்றும்போது செய்வதுபோல மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாகச் சற்றே தாழ்த்திப் பிடித்தால் மூக்கு அடங்கும். பிடியும் கவனிக்கப்பட வேண்டியது. தொடக்கத்திலிருந்தே இறுக்கிப் பிடித்தால் முன்கை விறைத்து மணிக்கட்டு வேலை செய்யாது. தளர்வாகத் தொடங்கி, விடும் கணத்தில்தான் விரல்கள் இறுக வேண்டும்.

உடம்பு கேட்கும் விலை

இவை எல்லாம் தூரத்துக்காக மட்டும் அல்ல. கால் செய்ய வேண்டிய வேலையைக் கையே செய்தால் அதன் கணக்கை உடம்பு எழுதி வைக்கிறது. முழங்கை, தோள், முதுகு, முழங்கால் ஆகியவைதான் இந்த ஆட்டத்தில் அதிகம் அடிவாங்கும் இடங்கள். நாள் முழுக்க மேஜை முன் உட்கார்ந்துவிட்டு, ஞாயிறன்று நூறு முறை முழு பலத்தோடு வீசுபவருக்கு முழங்கை வலி வர ஒரு சீஸன் போதும். ஊன்றிய கால் தரையில் பதிந்தே இருக்க, உடம்பு மட்டும் திரும்பினால் முறுக்கு முழுவதும் முழங்காலில் இறங்கும். வீசி முடித்ததும் குதிகாலின் மேல் சுழன்று, உடம்பைத் திரும்பவிடச் சொல்வது அதனால்தான். வலி தொடர்ந்தால் வீசுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

திருத்துவது எப்படி? முதல் வேலை, ஓட்டத்தை மறப்பது. நின்ற இடத்திலிருந்தே, பாதி பலத்தில், மெதுவான ‘பட்டர்’ தட்டுகளை வீசிப் பழக வேண்டும். மெதுவான தட்டு பொய் சொல்லாது. கை கோணினால் அது தள்ளாடிக் காட்டிக்கொடுக்கும். அடுத்து, தட்டை வலது மார்பருகே வைத்து அங்கிருந்தே முன்கையை மட்டும் விரித்து வீசும் பயிற்சி. அது நேராகப் போகத் தொடங்கியபிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நீட்டலாம். கையில் ஒரு துண்டைப் பிடித்துச் சொடுக்கிப் பார்ப்பது வீட்டுக்குள்ளேயே செய்யக்கூடியது. உடம்புக்கு முன்னால் போய்ச் ‘சடக்’ என்று சத்தம் வந்தால் வரிசை சரி; பக்கத்திலேயே வந்துவிட்டால் கை அவசரப்படுகிறது.

செல்போன் கேமரா மலிவான பயிற்சியாளர். பின்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என ஸ்லோமோஷனில் படமெடுத்துப் பார்த்தால், செய்வதாக நினைத்ததும் செய்ததும் வேறு வேறு என்பது புரியும். வேகம், சுழற்சி, மூக்கின் கோணம் ஆகியவற்றை அளந்து சொல்லும் உணர்கருவி பொருத்திய தட்டுகளும் வந்துவிட்டன. ஆனால் ஒரு நாளில் ஒரு குறையைத்தான் திருத்த முடியும். ஐந்தையும் ஒரே வீச்சில் நினைத்தால் காலும் கையும் ஒன்றுக்கொன்று தடுக்கும்.

உண்மையான சோதனை பொறுமைக்குத்தான். பழைய முறையில் 90 மீட்டர் எறிந்தவர் புதிய முறையில் முதலில் 70 மீட்டர்தான் எறிவார். நண்பர்களிடம் தோற்பார். பலர் இங்கேதான் பழைய பழக்கத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். தாக்குப்பிடிப்பவருக்கு ஒரு நாள், கொஞ்சமும் முயலாததுபோல் வீசிய தட்டு அந்தச் சுவரைத் தாண்டிப் பறக்கிறது.

தூரம் மட்டுமே பரிசும் அல்ல. 2021ல் யூட்டா மாநிலம் ஆக்டனில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப். கடைசிக் கூடையில் ஜேம்ஸ் கான்ராட் ஒரு வீச்சு பின்தங்கியிருந்தார். எதிரில் கோடி டாலர் மெக்பெத். சுமார் 75 மீட்டர் தொலைவிலிருந்து கான்ராட் பேக்ஹேண்டில் வீசிய மெதுவான பட்டர் தட்டு நேராகச் சங்கிலியில் மோதிக் கூடையில் விழுந்தது. ஆட்டம் சமன். அடுத்து நடந்த ப்ளே ஆஃபில் பட்டமும் அவருக்கே. 75 மீட்டர், பூங்காவில் ஆடும் சாமானியரின் கைக்கும் எட்டுகிற தூரம்தான். அன்று கான்ராட்டுக்கு வேண்டியிருந்தது கூடுதல் பலம் அல்ல. சொன்ன இடத்துக்குப் போகும் ஒரு வீச்சு.