விழுவது இடி அல்ல!

நார்வே நாட்டில் ஒரு பெரிய மேட்டுநிலம் இருக்கிறது. அதன் பெயர் ஹார்டாங்கர்விட்டா. அங்கே மரங்களைக் காண்பது அரிது. எங்கு பார்த்தாலும் புல்லும் பாறையும்தான். பனிமான்கள் அங்கே கூட்டம் கூட்டமாக மேயும்.

2016-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஒரு நாள் அங்கே பெரிய இடி மழை. மழை விட்ட பிறகு அந்தப் பக்கம் போனவர்கள் திகைத்து நின்றுவிட்டார்கள்.

ஒரே இடத்தில் 323 மான்கள் செத்துக் கிடந்தன! அவற்றில் 70 குட்டிகள்.

ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, நின்ற இடத்திலேயே விழுந்து கிடந்தன. ஓட முயன்றதற்கான அடையாளம்கூட இல்லை.

மின்னல் தாக்கித்தான் அவை இறந்தன என்று தெரிந்தது. ஆனால், மின்னல் ஒவ்வொரு மானையும் தேடித் தேடித் தாக்குமா? 323 மின்னல்களா விழுந்தன? இல்லை. அப்படியானால் எப்படி இத்தனை மான்களும் ஒன்றாக இறந்தன?

அதற்கு விடை தெரிந்தவர்கள் மழைக்கு மரத்தடியில் ஒதுங்க மாட்டார்கள்.

மேகத்தில் மின்சாரம்

"இடி விழுந்து பனைமரம் எரிந்தது" என்கிறோம். "இடி தாக்கி விவசாயி பலி" என்று பத்திரிகைகளிலும் செய்தி வருகிறது. உண்மையில் இடி விழுவதே இல்லை! இடி என்பது வெறும் சத்தம். சத்தம் யாரையும் எரிக்காது. எரிப்பது மின்னல். வானத்தில் இருந்து கல்லோ, இரும்போ எதுவும் கீழே வருவதில்லை.

மின்னல் எப்படி உண்டாகிறது?

எண்ணெய் தடவாத தலையை பிளாஸ்டிக் சீப்பால் நாலு தடவை வாருங்கள். உடனே அந்தச் சீப்பைக் காகிதத் துணுக்குகளின் அருகே கொண்டுபோங்கள். துணுக்குகள் துள்ளி வந்து ஒட்டிக்கொள்ளும். உரசியதால் சீப்பில் கொஞ்சம் மின்சாரம் ஏறிவிட்டது.

மேகத்திலும் இதுதான் நடக்கிறது. இடி மேகம் மலைபோல் உயர்ந்து நிற்கும். அதன் உச்சியில் கடுங்குளிர். அங்கே சிறு பனித்துகள்களும் சின்னஞ்சிறு ஆலங்கட்டிகளும் காற்றில் மேலும் கீழும் பறந்து ஒன்றோடொன்று மோதுகின்றன. மோத மோத மின்சாரம் பிரிகிறது. மேகத்தின் உச்சியில் ஒரு வகை மின்சாரம் சேருகிறது. அதை 'நேர் மின்சாரம்' என்பார்கள். அடிப்பாகத்தில் 'எதிர் மின்சாரம்' சேருகிறது.

சேர்ந்து சேர்ந்து, இனித் தாங்காது என்ற நிலை வந்ததும் அது தரையை நோக்கிப் புறப்படுகிறது. ஒரே பாய்ச்சலாக வருவதில்லை. படியில் இறங்குவதுபோல், ஒவ்வொரு படிக்கும் ஐம்பது மீட்டர் அளவுக்கு, கிளை விட்டு கிளை விட்டு இறங்குகிறது. அது கிட்டே வந்ததும் தரையில் உயர்ந்து நிற்கும் பொருள்களில் இருந்து சிறு மின்பொறிகள் மேலே கிளம்புகின்றன. பனைமரம், கோபுரம், வெட்டவெளியில் நிற்கும் மனிதன், எல்லாவற்றில் இருந்தும் கிளம்பும். எந்தப் பொறி முதலில் மேலே இருந்து வருவதைத் தொடுகிறதோ, அந்த இடத்தில்தான் மின்னல் பாய்கிறது.

வேடிக்கை என்னவென்றால், பளீர் என்று கண்ணைப் பறிக்கும் ஒளி கீழே இருந்து மேலே ஓடுகிறது! இவ்வளவும் கண் இமைக்கும் நேரத்துக்குள் நடந்து முடிந்துவிடுகிறது.

அந்த மின்னல் கோடு எவ்வளவு பருமன் இருக்கும்? பார்ப்பதற்குப் பெரிதாகத் தெரிந்தாலும், உண்மையில் கட்டைவிரல் பருமன் அளவுதான். ஆனால் சூடு? சுமார் 30 ஆயிரம் டிகிரி சென்டிகிரேடு. சூரியனின் மேற்பரப்பில் உள்ள சூட்டைப்போல் ஐந்து மடங்கு! வீட்டில் ஒரு மின்விசிறி சுற்ற அரை ஆம்பியர் மின்சாரம்கூட வேண்டாம். மின்னலில் பாய்வதோ சுமார் 30 ஆயிரம் ஆம்பியர்.

அப்படிச் சுட்ட காற்று திடீரென்று விரிந்து வெடிக்கிறது. அந்த வெடிச்சத்தம்தான் இடி.

எண்ணிப் பாருங்கள்

மின்னலும் இடியும் ஒரே சமயத்தில்தான் உண்டாகின்றன. ஒளி நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும். அது உடனே வந்து சேர்ந்துவிடுகிறது. சத்தம் நடந்து வருகிறது என்றே சொல்லலாம். நொடிக்கு 340 மீட்டர்தான். ஆகவே மின்னல் தெரிந்ததும் ஒன்று, இரண்டு, மூன்று என்று நிதானமாக எண்ணுங்கள். இடி கேட்டதும் நிறுத்துங்கள். மூன்று எண்ணினால் ஒரு கிலோமீட்டர். பதினைந்து எண்ணினால் ஐந்து கிலோமீட்டர். சிறுவர்களும் இந்தக் கணக்கைப் போடலாம்.

முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டுவிட்டால் வெளியே நிற்கக்கூடாது. அடுத்த மின்னல் உங்கள் தலைக்கு மேலேயே வரலாம். பத்து கிலோமீட்டர் என்பது மின்னலுக்குத் தூரமே அல்ல. கடைசி இடி கேட்ட பிறகும் அரை மணி நேரம் உள்ளேயே இருக்க வேண்டும். மழை விட்டதும் மாட்டை அவிழ்க்க ஓடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

உயிரைக் கொடுத்த விஞ்ஞானி

மின்னலும் மின்சாரமும் ஒன்றுதான் என்பது இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். இதைக் கண்டுபிடிக்க ஓர் உயிர் போயிருக்கிறது.

அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்க்ளின் என்ற அறிஞர் இருந்தார். உயரமான இடத்தில் கூர்மையான இரும்புக் கம்பியை நட்டால் மேகத்தின் மின்சாரத்தைக் கீழே இறக்கலாம் என்று அவர் எழுதினார். 1752-ம் ஆண்டு மே மாதம் பிரான்சு நாட்டில் மார்லி என்ற ஊரில் அப்படியே செய்து பார்த்தார்கள். கம்பியில் இருந்து பொறி பறந்தது! அதே ஆண்டில் பிராங்க்ளின் இடி மேகத்துக்குள் பட்டம் விட்டுச் சோதித்தார். பட்டத்தின் நூலில் கட்டிய சாவியில் இருந்து பொறி வந்தது. அவர் பிழைத்தது அதிர்ஷ்டம்.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இருக்கவில்லை. அடுத்த ஆண்டு, 1753-ல், ரஷியாவில் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ரிச்மான் என்ற விஞ்ஞானி வீட்டுக் கூரையில் கம்பி நட்டு, அதன் முனையை அறைக்குள் கொண்டுவந்து, மின்சாரத்தை அளந்துகொண்டிருந்தார். கம்பி தரையோடு சேர்க்கப்படவில்லை. அளவு பார்க்கக் குனிந்தார். கம்பியில் இருந்து நெருப்புப் பந்துபோல ஒன்று அவர் நெற்றியில் பாய்ந்தது. அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. நெற்றியில் ஒரு சிவப்புப் புள்ளி. காலில் ஒரு செருப்பு கிழிந்திருந்தது. பக்கத்தில் நின்ற சித்திரக்காரர் தூக்கி எறியப்பட்டார், ஆனால் பிழைத்துக்கொண்டார்.

கம்பியின் மறுமுனையைத் தரைக்குள் ஆழமாகப் புதைத்தால் மின்னல் அந்த வழியே மண்ணுக்குப் போய்விடும். கட்டிடம் தப்பும். இப்போது உயர்ந்த கட்டிடங்களில் இருக்கும் இடிதாங்கி இதுதான். இடிதாங்கி வருவதற்கு முன்பு ஐரோப்பாவில் என்ன செய்தார்கள் தெரியுமா? இடி இடித்தால் மாதாகோவில் மணியை அடிப்பார்கள். மணி ஓசைக்கு மின்னல் ஓடிவிடும் என்று நம்பினார்கள். ஊரிலேயே உயரமான கோபுரம் அது. அதன் அடியில் நனைந்த கயிற்றைப் பிடித்து இழுத்தவர்கள் பலர் மாண்டுபோனார்கள். இங்கே "அர்ஜுனா, அர்ஜுனா" என்று சொல்வார்கள். வீட்டுக்குள் இருந்து சொன்னால் ஆபத்து இல்லை.

சந்திரனுக்குப் போனவர்களையும் விடவில்லை

1969-ம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி. அமெரிக்காவில் அப்பல்லோ-12 ராக்கெட் மூன்று வீரர்களுடன் சந்திரனை நோக்கிக் கிளம்பியது. வானத்தில் மழை மேகம். கிளம்பிய 36-வது நொடியில் ராக்கெட்டை மின்னல் தாக்கியது. 52-வது நொடியில் மீண்டும் ஒரு அடி!

உள்ளே ஆபத்து விளக்குகள் வரிசையாக எரிந்தன. கப்பலுக்கு மின்சாரம் கொடுக்கும் கருவிகள் துண்டித்துக்கொண்டன. பூமியில் இருந்த நிலையத்தில் எண்கள் எல்லாம் தாறுமாறாக வந்தன. பயணத்தைக் கைவிட வேண்டியதுதானா?

அங்கே ஜான் ஆரன் என்ற 26 வயது இளைஞர் இருந்தார். ஓர் ஆண்டுக்கு முன் ஒரு சோதனையில் இதேபோல் எண்கள் குழம்பியதை அவர் பார்த்திருந்தார். மறக்கவில்லை. ஒரு விசையின் பெயரைச் சொல்லி, அதை மாற்றி வைக்கச் சொன்னார். மேலதிகாரிக்கும் அந்த விசை தெரியாது. ராக்கெட்டில் இருந்த தலைவருக்கும் புரியவில்லை. ஆனால் ஆலன் பீன் என்ற வீரருக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியும். கை நீட்டித் திருப்பினார். எண்கள் சரியாகின! ஐந்து நாளில் அவர்கள் சந்திரனில் இறங்கினார்கள்.

அந்த மின்னலை அழைத்ததே ராக்கெட்தான். மேகத்துக்குள் நுழைந்த ராக்கெட்டும், அதன் பின்னால் நீண்ட சூடான புகையும் சேர்ந்து, வானத்துக்கும் தரைக்கும் கம்பி கட்டியதுபோல் ஆகிவிட்டது. உயரமாக எது நின்றாலும் இதே கதைதான். நியூயார்க் நகரில் உள்ள எம்பயர் ஸ்டேட் கட்டிடத்தில் ஆண்டுக்கு இருபது தடவைக்கு மேல் மின்னல் பாய்கிறது.

'ஒருமுறை விழுந்த இடத்தில் மறுமுறை விழாது' என்பது சுத்தப் பொய். ராய் சல்லிவன் என்ற அமெரிக்க வனக்காவலரை 1942-ம் ஆண்டு முதல் 1977-ம் ஆண்டு வரை ஏழு தடவை மின்னல் தாக்கியது. ஏழு தடவையும் பிழைத்தார்!

மான்கள் செத்தது எப்படி?

மின்னல் தரையில் பாய்ந்ததும் மறைந்துவிடுவதில்லை. குளத்தில் கல் எறிந்தால் அலை பரவுவதுபோல, மின்சாரம் நாலாபக்கமும் மண்ணில் பரவுகிறது. விழுந்த இடத்தில் வேகம் அதிகம். தள்ளிப் போகப் போகக் குறைவு. ஒரு மான் நிற்கிறது. அதன் முன்னங்கால் ஓர் இடத்தில். பின்னங்கால் கொஞ்சம் தள்ளி. இரண்டு இடத்திலும் மின்சாரத்தின் அழுத்தம் வேறு வேறு. அதனால் மின்சாரம் ஒரு கால் வழியாக ஏறி, நெஞ்சைக் கடந்து, மறு கால் வழியாக இறங்குகிறது. இதயம் நின்றுவிடுகிறது. மழைக்குப் பயந்து நெருங்கி நின்ற மான்கள் அனைத்துக்கும் இதே கதி.

மரத்தடியில் மாடுகள் கும்பலாகச் சாவதும் இதனால்தான். மனிதனும் தப்ப முடியாது. மின்னல் மரத்தில் பாய்ந்து, வேர் வழியாக மண்ணில் பரவும். சில சமயம் மரத்தில் இருந்து பக்கத்தில் நிற்பவர் மேலேயே தாவும்.

இந்தியாவில் 2022-ம் ஆண்டில் மட்டும் மின்னலுக்கு 2,800 பேருக்கு மேல் பலியானார்கள். மின்னலுக்குப் பலியாகிறவர்களில் பெரும்பாலோர் வயலில் வேலை செய்தவர்கள், ஆடு மாடு மேய்த்தவர்கள், மரத்தடியில் ஒதுங்கியவர்கள். நாற்று நடும்போது சுற்றிலும் தண்ணீர். உயர்ந்து நிற்பது மனிதன் ஒருவன்தான்.

எங்கே ஒதுங்கலாம்? கான்கிரீட் வீடு நல்லது. இரும்புக் கூரை உள்ள பஸ், கார் ஆகியவையும் நல்லவை. கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே இருக்க வேண்டும். ரப்பர் டயர் காப்பாற்றுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அல்ல, இரும்பு உடம்புதான் மின்சாரத்தை வெளிப்புறமாகவே தரைக்கு அனுப்பிவிடுகிறது. மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. குடிசையும் மாட்டுக் கொட்டகையும் மழைக்குத்தான் உதவும். 1975-ம் ஆண்டில் இன்றைய ஜிம்பாப்வே நாட்டில் ஒரு குடிசையில் ஒதுங்கிய 21 பேரை ஒரே மின்னல் கொன்றது.

வீட்டுக்குள் இருந்தாலும் அந்த நேரத்தில் குழாயடியில் குளிக்க வேண்டாம். பம்புசெட் சுவிட்சைத் தொட வேண்டாம். கைப்பேசி மின்னலை இழுக்காது. ஆனால் மின்சாரத்தில் செருகியபடி பேசினால் ஆபத்து. வெட்டவெளியில் மாட்டிக்கொண்டால் படுக்கக்கூடாது. கூட்டமாக நிற்கவும் கூடாது. வேறு வழியே இல்லையென்றால், பாதங்களைச் சேர்த்து வைத்துக் குந்தி உட்கார வேண்டும். இரண்டு காலும் ஒரே இடத்தில் இருந்தால் மின்சாரம் ஏறி இறங்க வழி குறைவு.

மின்னல் தாக்கியவரைத் தொட்டால் தங்களுக்கும் மின்சாரம் பாயும் என்று பயந்து எட்டி நிற்பவர்கள் இருக்கிறார்கள். அவர் உடம்பில் மின்சாரம் தங்காது. தாராளமாகத் தொடலாம். தண்ணீர் தெளிப்பதிலும் மண்ணில் புதைப்பதிலும் நேரத்தை வீணாக்கக்கூடாது. ஒருவர் 108-க்குப் போன் செய்ய, இன்னொருவர் உடனே வேலையைத் தொடங்க வேண்டும். பலர் விழுந்து கிடந்தால், முனகுகிறவரிடம் முதலில் ஓடாதீர்கள். அவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். மூச்சு இல்லாமல் கிடப்பவரைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். அவருடைய இதயம் நின்றிருக்கலாம். அதை மறுபடி ஓட வைக்க முடியும். மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்சின் நடுவில் இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்து, நிமிடத்துக்கு நூறு தடவைக்குக் குறையாமல் பலமாக அமுக்க வேண்டும். வண்டி வந்து சேரும் வரை நிறுத்தக்கூடாது.