பரத்பூர் நீர்நிலையில் குளிர்கால நடை

வனவிலங்குகளைப் புகைப்படம் எடுப்பதற்கு மலையேறவும், அடர்ந்த காட்டில் இரவெல்லாம் கண்விழிக்கவும் வேண்டும் என்று எண்ணுவோர் பலர். உண்மையில், சமதரையில், பள்ளிச் சிறுவரும் களைப்பின்றி நடக்கக்கூடிய தூரத்திற்குள்ளேயே நிறைந்த காட்சிகளைத் தரும் இடங்கள் நம் நாட்டில் உள்ளன. அவற்றுள் தலையாயது, ஆக்ராவுக்கு மேற்கே சுமார் 55 கிலோமீட்டர் தொலைவில், இராஜஸ்தானத்தின் பரத்பூர் நகரை ஒட்டி அமைந்துள்ள கேவலாதேவ் தேசியப் பூங்கா. இதன் பரப்பு சுமார் 29 சதுர கிலோமீட்டர். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீர்நிலை. எஞ்சியது புல்வெளியும் புதர்க்காடும்.

இங்கு நடை எளிதாயிருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் சூரஜ்மல் மன்னர் வெள்ளத்தைத் தடுக்க அஜான் அணையைக் கட்டியபோது, இயற்கையாகவே தாழ்வாயிருந்த இந்நிலத்தில் நீர் தேங்கலாயிற்று. பிற்காலத்தில் வாத்து வேட்டைக்காக இவ்வேரி கரைகளாலும் மதகுகளாலும் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. துப்பாக்கியுடன் நடப்பதற்கு இடப்பட்ட அக்கரைகளின்மேல்தான் இன்று காமிராவுடன் நடக்கிறோம். கேவலாதேவ் கோவிலருகே உள்ள கற்பலகைகளில் அவ்வேட்டைகளின் கணக்கு பொறிக்கப்பட்டுள்ளது. 1938ஆம் ஆண்டு நவம்பரில், வைஸ்ராய் லின்லித்கோ பிரபு பங்கேற்ற ஒரே நாள் வேட்டையில் 4,273 பறவைகள் சுடப்பட்டன. மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர் இப்பலகையைத் தவறாமல் காட்டுதல் நன்று.

வாயிலிலிருந்து கோவில்வரை செல்லும் பாதை நேரானது, மேடுபள்ளம் அற்றது. மிதிவண்டியும் ரிக்‌ஷாவும் கிடைக்கும். எனினும் படமெடுக்க விரும்புவோர் நடப்பதே சிறந்தது. வண்டி நிற்கும் இடத்திலெல்லாம் பறவை நிற்பதில்லை.

வேடந்தாங்கலை அறிந்த நம்மவர்க்கு ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். அங்கு வடகிழக்குப் பருவமழைக்குப் பின்னரே கூடுகள் நிறைகின்றன. பரத்பூரிலோ தென்மேற்குப் பருவமழையின் நீரைக் கொண்டு மஞ்சள்மூக்கு நாரைகள் ஆகஸ்டு முதற்கொண்டே கருவேல மரங்களில் கூடு கட்டுகின்றன. ஆகவே நவம்பர் இறுதியில் சென்றால் ஒரு பக்கம் வளர்ந்த நாரைக் குஞ்சுகளையும், மறுபக்கம் வடக்கிலிருந்து வந்திறங்கிய ஊசிவால் வாத்து, தட்டைவாயன், பட்டைத்தலை வாத்து ஆகியவற்றையும் ஒரே நடையில் காணலாம். சாரசக் கொக்குகள் இணையிணையாகப் புல்வெளியில் மேயும். அவற்றை அஞ்சவிடாமல் படமெடுப்பதற்குப் பொறுமை ஒன்றே கருவி.

விடியலிலேயே புறப்பட வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. டிசம்பர், ஜனவரியில் அது இங்கு எப்போதும் பொருந்தாது. வடஇந்தியச் சமவெளியின் மூடுபனி சில நாட்களில் முற்பகல் வரை விலகுவதில்லை. அதனால் இழப்பொன்றுமில்லை. பரத்பூர் 27 பாகை வடக்கே இருப்பதால், டிசம்பர் பிற்பகுதியில் நண்பகலிலும் சூரியன் அடிவானுக்குமேல் 40 பாகையை எட்டுவதில்லை. சென்னையில் அது 53 பாகைக்கு மேல் உயரும். சாய்ந்த ஒளி நாள்முழுதும் கிடைப்பதால் பத்து மணிக்குத் தொடங்கும் நடையும் நல்ல படங்களைத் தரும். பனியில் வெண்பறவையை எடுக்கும்போது காமிராவின் ஒளிமானி ஏமாறும். படம் சாம்பல் நிறமாய் மங்கும். அப்போது ஒளியளவைச் சற்றுக் கூட்ட வேண்டும். கரிய நீரின் நடுவே சிறு வெண்கொக்கு நின்றால் மாறாகக் குறைக்க வேண்டும். குளிரில் நின்ற காமிராவை வெப்பமான அறைக்குள் அப்படியே எடுத்துச் சென்றால் லென்சில் நீர் படியும். பைக்குள் வைத்து மூடி, சிறிது நேரம் கழித்தே திறக்க வேண்டும்.

இனி, அணுகும் முறை. இக்கட்டுரையாசிரியர் முதன்முறை சென்றபோது, வாத்துக் கூட்டமொன்றை நோக்கிக் கரையிலிருந்து இறங்கி நேராக நடந்தார். பத்தடி வைப்பதற்குள் கூட்டம் முழுதும் எழும்பிற்று; கிடைத்த படத்தில் கலங்கிய நீர்தான் இருந்தது. நேராக வருபவனைப் பறவை பகைவனாகவே கொள்ளும். கரையைவிட்டு இறங்காமல், பக்கவாட்டில், அடிக்கடி நின்று செல்வதே முறை. மேய்ந்துகொண்டிருக்கும் பறவைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலை தூக்கினால் அதுவே எல்லை. அங்கு நிற்க வேண்டும், தேவையானால் பின்வாங்கவும் வேண்டும். வலசை வந்த வாத்து திரும்பிச் செல்லும் பயணத்திற்கான கொழுப்பைக் குளிர்காலத்தில்தான் சேர்க்கிறது. நாளொன்றுக்கு நான்கு முறை வீணே பறக்கவிட்டால், அவ்விரயத்தை யாரும் திருப்பித் தர இயலாது.

மலைப்பாம்பின் நிலை இன்னும் இடர்மிக்கது. குளிர்நாட்களில் அது வளையைவிட்டு வெளிவந்து வெயிலில் கிடந்து உடலைச் சூடாக்கிக் கொள்கிறது. மக்கள் சூழ்ந்ததும் உள்ளே போய்விடும். வெயில் குறைவான நாளில் இழந்த ஒரு மணி நேரம் அதற்குப் பெரிது. மாணவர் குழுவைத் தொலைவிலேயே நிறுத்தி, இருவர் மூவராக அனுப்புதல் நலம்.

எடுத்த படம் அழகாயிருந்தால் மட்டும் போதாது. நாள், நேரம், எந்தக் கரை, நீர் எவ்வளவு என்னும் குறிப்பு உடனிருந்தால் அது அறிவியல் சான்றாகும். கைபேசியில் எடுத்ததாயினும் சரியே. கூட்டத்தை இடமிருந்து வலமாக, ஒன்றையொன்று சற்றே தழுவும் துண்டுகளாக எடுத்து, பின்னர் வகுப்பறையில் எண்ணலாம். 1987 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் நடைபெறும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு இது நல்ல பயிற்சி. வளையங்களையும் கவனிக்க வேண்டும். பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் சாலிம் அலி அவர்களின் தலைமையில் பரத்பூரில் வளையமிட்ட வாத்துகள் பின்னர் சோவியத் நாட்டில் கண்டெடுக்கப்பட்டன. மங்கோலியாவில் கழுத்துப்பட்டை அணிவிக்கப்பட்ட பட்டைத்தலை வாத்துகள் தென்னிந்திய ஏரிகளிலும் காணப்பட்டுள்ளன. பட்டையின் எழுத்து படத்தில் தெளிவாய் விழுந்தால் பறவையைப் பிடிக்க வேண்டிய தேவையே இல்லை.

குறிப்பு எவ்வளவு மதிப்புடையது என்பதைச் சைபீரியக் கொக்கு உணர்த்தும். 1960களின் நடுவில் சுமார் 200 கொக்குகள் இங்கு வந்தன. அவை படிப்படியாகக் குறைந்து, 2001–02 குளிர்காலத்தில் ஓர் இணை மட்டும் வந்தது. அதன்பின் எதுவும் வரவில்லை. இன்று இங்கு செல்பவர் அப்பறவையைப் பழைய படங்களில் மட்டுமே காண முடியும்.

பறவையில்லாத நீரையும் படமெடுக்க வேண்டும் என்பது இக்கட்டுரையாசிரியரின் கருத்து. 1982இல் எருமை மேய்ச்சல் தடைசெய்யப்பட்டது. அதையொட்டிய மோதலில் கிராமத்தார் சிலர் உயிரிழந்தனர். பின்னர் நிகழ்ந்ததை அச்சங்கத்தாரின் நீண்ட ஆய்வு காட்டிற்று: மேய்வதற்கு எருமையின்றி நீர்ப்புல் ஏரியை மூடியது, பறவைகளுக்குத் திறந்த நீர் குறைந்தது. 2004இல் பாஞ்சனா அணையின் நீர் குறித்து உழவர்க்கும் பூங்காவுக்குமிடையே பூசல் எழுந்து, ஏரி வறண்டது. பின்னாளில் சம்பல் நதியிலிருந்தும் குழாய் வழியே நீர் கொணர ஏற்பாடாயிற்று. எனவே புறப்படுமுன் அவ்வாண்டு நீர் வந்ததா என விசாரித்துக்கொள்ளலாம். வரவில்லையெனினும் பயணத்தை நிறுத்த வேண்டுவதில்லை. சென்ற ஆண்டு நின்ற அதே மதகின்மேல் நின்று, அதே திசையை நோக்கி, வெடித்த சேற்றை ஒரு படம் எடுத்துத் தேதியைக் குறித்துக்கொள்ளலாம்.