ராத்திரி வேலைக்குக் கூலி உண்டா?

சில மாதங்களாக எங்கள் வீட்டில் ஒரு வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கிறது. காரணம் ஒரு பஸ். ரோட்டில் ஓடும் பஸ் அல்ல, விளையாட்டில் ஓடும் பஸ். பிள்ளைகள் உள்ள வீடுகளில் நாளை இதே பேச்சு எழலாம் என்பதால் இதை எழுதுகிறோம்.

இந்தோனேசியாவில் மாலியோ என்ற நிறுவனம் 2017இல் ஒரு பஸ் ஓட்டும் விளையாட்டை வெளியிட்டது. 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா' என்று பெயர். விளையாடுபவர் தானே ஒரு பஸ்ஸை வரைந்து உள்ளே கொண்டுவரலாம். இதனால் கேரளத்துத் தனியார் பஸ்களும் தமிழ்நாட்டு அரசுப் பஸ்களும் இந்தோனேசியத் தெருக்களில் ஓடத் தொடங்கின. கம்பெனி செய்யாமல் ரசிகர்களே செய்து சேர்க்கும் இந்த வேலைக்கு 'மோட்' என்று பெயர்.

எங்கள் தம்பிக்கு இப்போது பதினெட்டு வயது. யாங்கோனில் பிறந்தவன். அங்கே பழைய பஸ்களில் கண்டக்டர் வாசலில் தொங்கிக்கொண்டு "சூலே, சூலே" என்று கத்துவார். 2017 ஜனவரி 16ஆம் தேதி அந்த முறை மாறி 'ஒய்பிஎஸ்' என்ற புதிய பஸ் சேவை வந்தது. நம் ஆட்கள் 1871இல் கட்டிய ஸ்ரீ காளி கோயில் இருக்கும் அனோரத்தா சாலையில் நின்று, வருகிற பஸ்களின் நம்பரை எண்ணுவதுதான் அப்போது அவனுக்கு விளையாட்டு. 2021க்குப் பிறகு நாங்கள் ஊரை விட்டு வந்தோம். வந்த இடத்தில் அவன் மூன்று மாதம் இரவு இரவாக உட்கார்ந்து அந்த ஒய்பிஎஸ் பஸ்ஸைச் செய்தான். நம்பர் பலகை, ஜன்னல் கம்பி, சீட்டுத் துணி எல்லாம் அப்படியே இருந்தது. அதைப் பார்த்து அம்மா அழுதுவிட்டார்.

பஸ் முடிந்ததும் கேட்டு ஆட்கள் வந்தார்கள். தெரிந்த பையன் ஒருவன், "சும்மா கொடுக்காதே, பூட்டுப் போட்டு விலை வை" என்று சொன்னான். அன்றுதான் வீட்டில் சண்டை தொடங்கியது.

"உழைச்சதுக்குக் காசு வாங்குறதுல என்னடா வெக்கம்? உங்க அக்கா ஓவர்டைம் சும்மாவா செய்யுறா?" என்றார் அம்மா.

"இல்லம்மா, நான் இதைக் கத்துக்கிட்டதே மத்தவங்க சும்மா போட்டதைப் பாத்துத்தான்" என்றான் தம்பி.

இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. எங்களுக்கு எங்கள் பழைய வேலை ஞாபகம் வந்தது.

மியன்மாரில் ஒரு காலத்தில் சிம் கார்டு வாங்குவதும் நகை வாங்குவதும் ஒன்று. 2014இல் ஓரிடூ, டெலினோர் என்ற இரண்டு வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்து 1,500 சாட்டுக்கு சிம் கொடுத்தன. ஊரே போன் வாங்கியது. ஆனால் இணையம் மெதுவாகவும் செலவாகவும் இருந்ததால் மக்கள் போன் கடைக்கு வந்து பாட்டும் கேமும் ஏற்றிக்கொண்டு போனார்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்ட நாங்கள் அப்படி ஒரு கடையில்தான் வேலை செய்தோம். பர்மிய எழுத்துக்கான சாவ்ஜி என்ற எழுத்துருவையும் ஏற்றுவோம். அது இலவசமாகக் கிடைத்தது. நாங்கள் ஏற்றிய பாட்டும் கேமும் யாரோ ஒருவருடைய உழைப்பு. கல்லாவில் விழுந்த காசில் அவர்களுக்கு ஒரு சாட் போனதில்லை. எங்கள் சம்பளமோ பஸ் செலவுக்கும் சோற்றுக்குமே சரியாகப் போயிற்று. செய்தவனுக்கும் இல்லை, ஏற்றிக் கொடுத்தவனுக்கும் இல்லை. கடையை வைத்திருந்தவருக்கு மட்டும் கிடைத்தது.

பெரிய நாடுகளிலும் கதை வேறில்லை என்று பிறகு தெரிந்துகொண்டோம். 'ஸ்கைரிம்' என்ற விளையாட்டுக்கு ரசிகர்கள் பல வருடங்களாக இலவசமாக மோட் செய்து வந்தார்கள். அவற்றை விலைக்கு விற்கலாம் என்று 2015 ஏப்ரல் 23இல் அமெரிக்காவின் வால்வ் கம்பெனி அறிவித்தது. விற்பனையில் செய்தவருக்கு நூற்றுக்கு 25. வால்வுக்கு 30. விளையாட்டின் சொந்தக்காரரான பெதஸ்டாவுக்கு 45. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டார்கள். நான்கே நாளில், ஏப்ரல் 27இல், திட்டம் கைவிடப்பட்டு வாங்கியவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது.

அந்த நான்கு நாளில் இன்னொன்றும் நடந்தது. விற்பனைக்கு வந்த மோட்களில் ஒன்று மீன்பிடிப்பதைப் பற்றியது. அதற்குள் இன்னொரு ரசிகர் இலவசமாகக் கொடுத்திருந்த வேலையும் இருந்தது. இலவசமாகக் கொடுத்ததை விற்பனைக்குச் சேர்க்கலாமா என்று கேள்வி எழுந்தது. அந்த மோட் திரும்பப் பெறப்பட்டது.

இதைப் படித்த அன்று தம்பியைக் கூப்பிட்டு, "உன் பஸ்ஸில் எல்லாமே நீ செய்ததா?" என்று கேட்டோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "டயரும் சக்கரமும் இன்னொருத்தருதுக்கா. எடுத்துக்கலாம், ஆனா விக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கார்" என்றான். அம்மாவும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அதற்குப் பிறகு விலை பற்றிப் பேசவில்லை.

அதற்காக எல்லாவற்றையும் சும்மா கொடுத்துவிடுவதுதான் தர்மம் என்றும் சொல்ல முடியவில்லை. யாங்கோன் தேநீர்க்கடைகளில் இளைஞர்கள் குனிந்து விளையாடும் 'மொபைல் லெஜன்ட்ஸ்' எங்கிருந்து வந்தது? 2003 வாக்கில் 'வார்கிராப்ட் 3' விளையாட்டுக்கு ரசிகர்கள் இலவசமாகச் செய்த 'டோட்டா' என்ற வரைபடம்தான் அந்த வகைக்கே வழிகாட்டி. அந்த வழியில் வந்த விளையாட்டில், 2021 ஜனவரியில் சிங்கப்பூரில் நடந்த உலகப் போட்டியில், நம் ஊர் 'பர்மீஸ் கூல்ஸ்' அணி இறுதி ஆட்டம் வரை போய் 4-3 என்று தோற்றது. பின்னால் வந்த கம்பெனிகள் எல்லாம் கோடிகளில் சம்பாதித்தன. வார்கிராப்ட் கம்பெனியோ 2020இல், தங்கள் விளையாட்டில் ரசிகர் செய்யும் வரைபடங்கள் எல்லாம் தங்களுக்கே சொந்தம் என்று விதி எழுதியது. சும்மா கொடுத்தால் இப்படியும் நடக்கும்.

ரசிகரின் வேலைக்கு மதிப்புக் கிடைத்ததும் உண்டு. 1999இல் மின் லே என்ற வியட்நாமிய வம்சாவளிக் கனேடிய இளைஞர் ஒரு நண்பரோடு சேர்ந்து செய்த மோட்தான் 'கவுண்டர் ஸ்ட்ரைக்'. அடுத்த வருடமே வால்வ் அதை வாங்கி அவர்களுக்கு வேலையும் கொடுத்தது. 2015இல் கைவிட்ட யோசனையையும் பெதஸ்டா விடவில்லை. 2023 கடைசியில் ரசிகர்கள் விலைக்கு விற்க மறுபடி வழி திறந்தது. மைன்கிராப்ட் கம்பெனி வேறு மாதிரி. மோட் செய்தவருக்கே சொந்தம், ஆனால் அதைக் காசுக்கு விற்கக் கூடாது என்பது அவர்கள் விதி.

ஆகவே காசு வாங்குவது பாவம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். வாங்கும் முன் மூன்று கேள்வி கேட்க வேண்டும் என்போம். இதில் வேறு யாருடைய உழைப்பாவது இருக்கிறதா, அவர் சம்மதித்தாரா? விளையாட்டின் சொந்தக்காரர் விதி என்ன சொல்கிறது? வருகிற காசில் செய்தவன் கைக்கு எவ்வளவு, நடுவில் நிற்பவர் கைக்கு எவ்வளவு?

தம்பி சக்கரக்காரருக்குக் கடிதம் எழுதினான். பதில் வர ஒன்பது நாள் ஆயிற்று. "சும்மா கொடுப்பதானால் என் பெயரைப் போட்டுக் கொடு, விற்பதானால் சக்கரத்தை நீயே செய்" என்று அவர் எழுதியிருந்தார். பஸ்ஸை இப்போது அவர் பெயரும் போட்டு இலவசமாகவே கொடுத்துவிட்டான். சொந்தச் சக்கரம் செய்யக் கற்றுக்கொண்டிருக்கிறான். அது முடிந்து, கம்பெனி விதியும் இடம் கொடுத்தால், யாராவது தங்கள் ஊர்ப் பஸ்ஸைச் செய்து தரக் கேட்கும்போது கூலி வாங்குவான். அதற்கு அம்மாவும் சம்மதித்துவிட்டார்.

புதிதாக வந்திருக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை மோட் வாங்கக் காசு கேட்டால் வங்கிக் கார்டை அப்படியே கையில் கொடுத்துவிடாதீர்கள். என்ன வாங்குகிறான், யாரிடம் வாங்குகிறான் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பிள்ளை தானே ஒன்றைச் செய்தால் 'வெட்டி வேலை' என்று விளக்கை அணைத்துவிடாதீர்கள். அதுவும் ஒரு தொழிலாகலாம்.

ஷிப்ட் முடிந்து வருகிற இரவுகளில் தம்பி அந்த பஸ்ஸை ஓட்டிக் காட்டுவான். அதில் கண்டக்டர் இல்லை. "சூலே, சூலே" என்று அம்மாதான் பின்னால் நின்று கத்துவார்.