ஆச்சியின் புடவை என்ன நிறம்?

ஊர் விட்டு ஊர் குடியேறும் தமிழ்க் குடும்பங்கள் பாத்திரம் பண்டங்களை விற்றுவிட்டு வருவதுண்டு. மூத்தோரின் நிழற்படங்களை மட்டும் விட்டுவிட்டு வருவதில்லை. மாதாப்பூரின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழும் நம்மவர் இல்லங்களிலும், அலமாரியின் மேல்தட்டில், பழைய வேட்டித் துணியில் பொதிந்த படமொன்று இருக்கக் காணலாம். நம் இல்லத்தில் இருப்பது ஆச்சியின் படம். 1951ஆம் ஆண்டில், தாத்தா உயிருடன் இருந்த நாளில், திருநெல்வேலியில் எடுக்கப்பெற்றது. நாம் அறிந்த ஆச்சி வெள்ளைப் புடவை உடுத்தவர். வண்ணப் புடவையில் அவர் அமர்ந்திருக்கும் படம் இஃதொன்றே. அதுவும் கறுப்பு வெள்ளையில்!

இதைத் துணியில் பதித்து, கையால் வண்ணம் தீட்டிச் சட்டமிட்டு மாட்ட வேண்டும் என்ற ஆவல் நம் மகளுக்கு எழுந்தது. ஐதராபாத்திலேயே பிறந்து வளர்ந்த பெண். ஆச்சியை அவள் கண்டதில்லை.

நிழற்படத்துக்கு வண்ணம் தீட்டுவது இந்நகருக்குப் புதிதன்று. 1844இல் மீரட்டை அடுத்த சர்தானாவில் பிறந்த லாலா தீன் தயாள், ஆறாம் நிஜாமான மீர் மகபூப் அலி கானின் அரசவை நிழற்படக் கலைஞராக விளங்கியவர். செகந்திராபாத்தில் அவரது நிலையம் இருந்தது. கோஷாப் பெண்டிர் கூச்சமின்றி வந்து படம் எடுத்துக்கொள்ள, 1892இல் ஐதராபாத்தில் மகளிர்க்கெனத் தனி நிலையமும் அமைத்து, அதை ஓர் ஆங்கில மாதின் பொறுப்பில் விட்டார். வண்ணப் பிலிம் இல்லாத அக்காலத்தில் படத்துக்கு நிறமூட்டியது ஓவியரின் தூரிகையே. மேல்நாட்டார் பெரும்பாலும் அடியிலுள்ள படம் தெரியும்படி மெல்லிய வண்ணம் பூசினர். நம் நாட்டு ஓவியரோ தடித்த வண்ணம் பூசி, நகைக்குப் பொன்னிட்டு, முகம் ஒழிந்த பிறவற்றை மூடிவிடுவதும் உண்டு. ராஜஸ்தானத்து நாத்துவாராவில் ஒரு படி மேலே சென்றனர். ஸ்ரீநாத்ஜி சந்நிதியையும் அடியார் உடலையும் வரைந்துவிட்டு, முகத்துக்கு மட்டும் நிழற்படத்தை வெட்டி ஒட்டினர்! கலப்பு ஊடகம் என்று இன்று பேசப்படுவதை அவர்கள் அப்பெயர் அறியாமலே செய்துவந்தனர்.

அச்சிட்ட படத்தை வேறொரு பரப்பில் இறக்கும் வித்தையை ஓவிய உலகில் பலரறியச் செய்தவர்களுள் அமெரிக்கரான ராபர்ட் ரோஷன்பெர்க் ஒருவர். தாந்தேயின் நரக காண்டத்துக்கு 1958 முதல் 1960 வரை அவர் ஆக்கிய 34 சித்திரங்களில், பத்திரிகைப் படங்களைக் கரைப்பானில் நனைத்து, பின்புறம் தேய்த்துத் தாளில் பதித்தார்.

நம் வீட்டு முறை அதனினும் எளிது. மூலப்படத்தைத் தொடலாகாது, இது முதல் விதி. ஜெராக்ஸ் கடையில் லேசர் அச்சில் ஒரு படி எடுத்துக்கொள்ள வேண்டும். மை தெளிக்கும் அச்சுப்பொறியின் படி நீர் பட்டால் கலைந்துவிடும். படியின் முகத்தில் அக்ரிலிக் ஜெல்லைச் சீராகப் பூசி, வெள்ளைப் பருத்தித் துணியின் மேல் கவிழ்த்து, காற்றுக் குமிழியின்றி அழுத்தி, ஓர் இரவு உலர விட வேண்டும். மறுநாள் தாளை நனைத்து விரல் நுனியால் தேய்த்தால், தாள் திரிதிரியாக உருண்டு வர, மை மட்டும் துணியில் நிற்கும். அவசரப்பட்டால் மூக்கும் உடன் வந்துவிடும், நமக்கு வந்தது. வெள்ளை நிறத்துக்கு லேசர் அச்சில் மையில்லை ஆதலால், துணியின் நிறமே முகத்தின் ஒளியாகும். மஞ்சள் துணியில் பதித்தால் ஆச்சிக்குக் காமாலை!

இரண்டாம் முயற்சி நன்றாகவே அமைந்தது. மகிழ்ந்து, பாளையங்கோட்டையில் இருக்கும் அத்தைக்குக் கைப்பேசியில் அனுப்பினோம். அத்தைக்கு எண்பது கடந்துவிட்டது. ஆச்சியின் மக்களுள் எஞ்சியிருப்பவர் அவர் ஒருவரே. "எங்கம்மைக்கு மேலாக்கு வலத்தோளிலே கிடக்கே, இது யாரு?" என்றார். கவிழ்த்துப் பதித்த படம் இடவலம் மாறிவிடும் என்பதை மறந்தே போனோம். மூக்குத்தியும் பக்கம் மாறியிருந்தது. படியெடுக்கும்போதே படத்தைத் திருப்பி அச்சிட்டிருக்க வேண்டும். மூன்றாம் முறை அவ்வாறே செய்தோம்.

அடுத்தது வண்ணம். கைப்பேசிச் செயலி ஒன்று நொடியில் ஆச்சிக்கு நீலப் புடவை உடுத்திவிட்டது. படத்தில் புடவை ஏறக்குறையக் கறுப்பாகத் தெரிவதால், அது நீலமென்று ஊகித்தது போலும். பழைய ஆர்த்தோகுரோமாட்டிக் தகடுகளும் பிலிம்களும் சிவப்பு ஒளியை உணரா. அவற்றில் செம்பட்டும் குங்குமமும் கரியனவாக விழும், நீலமோ வெளுத்துப்போகும். இந்நுட்பம் செயலிக்குத் தெரியுமோ என்னவோ, அத்தைக்குத் தெரிய வேண்டுவதில்லை. படமெடுத்த அன்று பத்து வயதுச் சிறுமியாக உடன் சென்றவர் அவர். "அரக்குப் பட்டு. மாம்பழ மஞ்சள் கரை. அந்தத் தீபாவளிக்கு எடுத்தது. அப்பா போன பிறகு எனக்குத் தாவணியாக வெட்டிக் கொடுத்துட்டா" என்று சொல்லிவிட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்தார்.

அரக்கு நிறத்தை நீர்க்கக் கலந்து மூன்று பூச்சாக மகள் இட்டாள். ஒவ்வொரு பூச்சும் உலர்ந்தபின் அத்தைக்குப் படம் போகும். "இன்னும் கொஞ்சம் ஆழம்" என்று விடை வரும். கரையின் மஞ்சள் இரண்டாம் தடவையில் தேறியது.

ரவிக்கையின் நிறம் அத்தைக்கு நினைவில்லை. பச்சை என்றார், மறுநாள் இல்லை என்றார். அவ்விடத்தை வண்ணமிடாமல் சாம்பல் நிறமாகவே விட்டுப் படத்தைக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம்.