காரின் கதவு ஏன் உட்காரவில்லை?

அம்பாசடர் காரைப் பார்த்திருப்பீர்கள். ஏறியும் இருப்பீர்கள். மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த கார். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி ஓடிய கார். மந்திரிகள் வந்து இறங்கிய வெள்ளைக் கார்.

இங்கிலாந்தில் ஓடிய மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற காரை வைத்துச் செய்தது இது. மேற்கு வங்காளத்தில் உத்தர்பாரா என்ற ஊரில் தொழிற்சாலை இருந்தது. 1950களின் கடைசியில் கார் வரத் தொடங்கியது. 2014இல் தயாரிப்பு நின்றது. பம்பாயில் ஓடிய பத்மினி டாக்சிகளும் 2023 அக்டோபரோடு நின்றுவிட்டன. இனிப் புதிதாக வராது. அதனால்தான் பழைய காரைத் தேடிப் பிடித்துப் புதுப்பிக்கிறார்கள்.

புதுப்பித்த காரை எப்படிப் பார்ப்பது? பெயிண்ட் பளபளப்பைப் பார்க்காதீர்கள். கதவைப் பாருங்கள். கதவுக்கும் பாடிக்கும் நடுவே ஒரு கோடு போல இடைவெளி இருக்கும். பட்டறையில் இதைக் 'கேப்' என்பார்கள். மேலே இருந்து கீழே வரை அது ஒரே அளவாக இருக்கிறதா? கதவு மெதுவாகத் தள்ளினாலே மூடுகிறதா? அப்படியானால் வேலை தெரிந்தவர் கை பட்டிருக்கிறது.

எங்கள் பெங்களூர் மையத்துக்கு ஒரு டிங்கர் அண்ணன் படிக்க வந்தார். டிங்கர் என்றால் கார் பாடியில் நசுங்கல் எடுப்பவர், தகடு வெட்டி ஒட்டுபவர். அவருக்கு ஐம்பது வயது இருக்கும். அவர் மகள் வயதுதான் எனக்கு. ஆனாலும் "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். அவரிடம் நான் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

"கதவு உட்காரலன்னா எல்லாரும் கதவைத்தான் அடிப்பாங்க டீச்சர். தப்பு பாதி நேரம் கதவில இருக்காது" என்றார்.

"பின்னே எங்கே அண்ணே?"

"வீடு சாய்ஞ்சா கதவு இடிக்குமா, இடிக்காதா?"

அவர் சொன்னது உண்மை. லாரியில் அடியில் தனியாகச் சட்டம் இருக்கும். அதற்கு மேல்தான் பாடி உட்காரும். அம்பாசடரில் அப்படித் தனிச் சட்டம் கிடையாது. பாடியே எல்லாப் பாரத்தையும் தாங்குகிறது. கதவைத் திறந்தால் காலடியில் ஒரு படி போலத் தெரியும் அல்லவா? முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே ஓடும் பெட்டி போன்ற தகடு அது. அதுதான் காரின் முதுகெலும்பு மாதிரி. மழைத் தண்ணீர் கண்ணாடி ஓரமாகக் கதவுக்குள் இறங்கும். கதவின் அடியில் உள்ள சிறு ஓட்டைகள் வழியே வெளியேற வேண்டும். ஓட்டையை மண் அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேங்கும். கதவின் அடி அரிக்கும். சாலைச் சேறு அந்தப் படிப் பெட்டிக்குள் சேர்ந்து அதையும் அரிக்கும்.

படிப் பெட்டி அரித்துப்போனால் கார் நடுவில் தொய்யும். நாடா தளர்ந்த கட்டிலைப் போல. அப்போது கதவு வாசலின் மேல்பக்கம் நெருங்கும், கீழ்ப்பக்கம் விரியும். கேப் ஆப்பு வடிவில் தெரியும். இதற்கு ஒரு சோதனை உண்டு. கதவை மூடி வைத்து, காரின் நடுப்பக்கத்தில் பலமான இடம் பார்த்து, மரக்கட்டை கொடுத்து ஜாக்கியால் கொஞ்சமாகத் தூக்குங்கள். கேப் மாறினால் பாடியில் பலம் இல்லை என்று பொருள். முதலில் அதைச் சரி செய்யாமல் கதவைத் தொடக் கூடாது.

இங்கேதான் அண்ணனுக்கு ஒரு பெரிய நஷ்டம் வந்தது. பல வருஷம் முன்னே, ஒரு பட்டறையில் கூலிக்கு இருந்தார். அவருக்கு எழுதத் தெரியாது. ஆனால் அளவு மறக்கக் கூடாதே. அதனால் துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சி உருவி, கதவு வாசலில் வைத்து, அளவுக்கு ஒடித்துக்கொள்வார். இடது பக்கத்துக்கு ஒரு கட்டு, வலது பக்கத்துக்கு ஒரு கட்டு. ஒரு நாள் அவர் சாப்பிடப் போன நேரம். பட்டறையில் கூட்டிய பையன், குச்சிகளைக் குப்பை என்று அள்ளிப் போட்டுவிட்டான். அதற்குள் முதலாளி அவசரப்பட்டு, கதவுகளைக் கழற்றி, இரண்டு பக்கப் படிப் பெட்டியையும் ஒரே நேரத்தில் வெட்டச் சொல்லிவிட்டார். தாங்கு கொடுக்கவில்லை. கார் தொய்ந்தது. தொய்ந்த நிலையிலேயே புதுத் தகட்டை வெல்டிங் செய்தார்கள்.

கதவை மாட்டினால் ஒன்றுகூட மூடவில்லை. பழைய அளவு என்ன? யாருக்கும் தெரியாது. வெல்டிங்கை அறுத்து மறுபடி செய்தார்கள். அந்த மாதக் கூலியில் பாதி அண்ணனுக்குக் கிடைக்கவில்லை.

"பையன் மேல கோவம் இல்ல டீச்சர். குச்சியைப் பார்த்தா குப்பைன்னுதானே நெனைப்பான்?"

சரி, எப்படிச் செய்திருக்க வேண்டும்? வெட்டுவதற்கு முன் கதவு வாசலின் குறுக்கே இரும்புப் பட்டையோ குழாயோ வைத்து ஒட்டுப் போட வேண்டும். அது வாசலை விரியவும் விடாது, நெருங்கவும் விடாது. ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் வெட்ட வேண்டும். வெட்டும் முன் அளவு எடுத்து எழுத வேண்டும். வாசலின் மேல் மூலையிலிருந்து எதிர்க் கீழ் மூலைக்கு அளக்க வேண்டும். அடுத்த மூலைகளுக்கும் அப்படியே. கட்டில் சட்டம் கோணலா என்று தச்சர் கயிறு பிடித்துப் பார்ப்பாரே, அதே கணக்குத்தான். ஆனால் கார் வாசல் சதுரம் அல்ல. அதனால் இடது பக்க அளவை வலது பக்க அளவோடு ஒப்பிட வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் தொட்டு அளக்க வேண்டும். வெல்டிங் செய்யும் முன் பெட்ரோல் டாங்கைக் கழற்றித் தூர வைக்க வேண்டும். இதில் சலுகை கிடையாது.

பாடி சரியானால் கதவுக்கு வரலாம். கார் சமதரையில் நிற்க வேண்டும். என்ஜின் இறக்கிய கார் முன்பக்கம் தூக்கி நிற்கும். பாரம் மாறினால் கேப்பும் கொஞ்சம் மாறும். அதை மனதில் வைக்க வேண்டும்.

எந்தக் கதவு முதலில்? பின் கதவு. ஏன் என்றால் அதற்குப் பின்னே உள்ள பாடி அசையாது. அசையாததை வைத்துப் பின் கதவை உட்கார வைக்க வேண்டும். பின் கதவைப் பார்த்து முன் கதவு. முன் கதவைப் பார்த்து முன் மட்கார்டு. கடைசியில் பானெட். முன்னாலிருந்து தொடங்கினால் எல்லாத் தப்பும் பின்னால் வந்து குவியும். அங்கே நகர்த்த இடம் இருக்காது.

பூட்டு விழும் கொக்கியை முதலில் கழற்றி வையுங்கள். ரப்பர் பீடிங்கும் வேண்டாம். கொக்கி இருந்தால் அது கதவை இழுத்து நிறுத்தும். கீலின் தப்பு தெரியாது. பிறகு கதவைப் பாதி திறந்து, பூட்டுப் பக்கத்தைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். லொடலொட என்று ஆடினால் கீலின் ஊசி தேய்ந்திருக்கிறது. ஊசியை மாற்றுங்கள். தேய்ந்த ஊசியோடு எவ்வளவு திருகினாலும் பயன் இல்லை.

ஊசி நன்றாக இருந்தும் கதவின் பின்முனை தொங்குகிறதா? வீட்டுக் கதவுக்குத் தச்சர் என்ன செய்வார்? கீழ்க் கீலுக்கு அடியில் அட்டை வைப்பார். காருக்கும் அதுவே. போல்ட்டில் மாட்டிய கீலானால், கீழ்க் கீலுக்கும் தூணுக்கும் நடுவே மெல்லிய தகடு வைக்கலாம். எவ்வளவு தடிமன்? கணக்குப் போடுவோம். இரண்டு கீலுக்கும் நடுவே 1 அடி. கதவின் நீளம் 3 அடி. அப்படியானால் 1 மில்லிமீட்டர் தகடு வைத்தால் பின்முனை சுமார் 3 மில்லிமீட்டர் உயரும். அண்ணன் இந்தக் கணக்கை நோட்டில் போட்டுப் பார்த்த அன்று, "இத்தன வருஷம் குருட்டாம்போக்கா வெச்சுட்டு இருந்தேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். எனக்கும் அன்றுதான் அந்தக் கணக்கு தெரியும்!

கேப் எவ்வளவு இருக்கலாம்? இந்த மாதிரிப் பழைய காருக்கு 4 அல்லது 5 மில்லிமீட்டர் வைக்கலாம். ஒரு தீக்குச்சி சுமார் 2 மில்லிமீட்டர். உங்கள் குச்சியை ஸ்கேலில் ஒருமுறை அளந்து கொள்ளுங்கள். இரண்டு குச்சி சேர்த்து, கேப் முழுக்க நுழைகிறதா என்று பாருங்கள். அளவு சின்னதாக இருப்பது முக்கியம் அல்ல. ஒரே மாதிரி இருக்க வேண்டும். ரொம்ப நெருக்கிவிட்டால் பெயிண்ட் ஏறியதும் உரசும். அந்தக் காலத்தில் தொழிற்சாலையிலிருந்து வந்த காரிலேயே கேப் முன்னே பின்னே இருக்கும். அதைவிட நன்றாகச் செய்தால் போதும்.

அடுத்து மட்டம். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் முன் கதவிலிருந்து பின் கதவுக்குத் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடு கைக்குத் தெரியும். பின் கதவின் முன் ஓரம் வெளியே துருத்தக் கூடாது. மயிரிழை உள்ளே இருந்தால் பரவாயில்லை. துருத்தினால் ஓடும்போது காற்று விசில் அடிக்கும். சிலர் மேடு பள்ளத்தைப் பட்டி அப்பி மறைப்பார்கள். கனமாக அப்பிய பட்டி ஒருநாள் வெடித்து உதிரும். தகட்டைச் சரி செய்துவிட்டுக் கடைசியில் மெல்லியதாகப் போடுவதுதான் பட்டி.

இப்போது ரப்பரை மாட்டுங்கள். புது ரப்பர் தடித்திருக்கும். கதவை வெளியே தள்ளும். உடனே கீலைத் திருகாதீர்கள். முதலில் அளவு சரியான ரப்பர்தானா என்று பாருங்கள். செய்தித்தாள் துண்டை நடுவில் வைத்துக் கதவை மூடி இழுங்கள். இறுக்கமாக வந்தால் நல்லது. சும்மா உருவிக்கொண்டு வந்தால் அங்கே மழை இறங்கும்.

கொக்கியைக் கடைசியில் வைக்க வேண்டும். கதவு எங்கே நிற்கிறதோ அங்கே கொக்கி வர வேண்டும். கொக்கியை வைத்துக் கதவைத் தூக்கக் கூடாது. பூட்டு அரைகுறையாக விழுந்தால் வளைவில் கதவு திறந்துகொள்ளும். ஓரத்தில் குழந்தை உட்கார்ந்திருக்கலாம்.

இவ்வளவும் பெயிண்டுக்கு முன்னால். எல்லாம் சரி என்றானதும் கீல் இருந்த இடத்தைச் சுற்றிக் கோடு கீறிவிட்டுக் கழற்றுங்கள். திரும்ப மாட்டும்போது அந்தக் கோடு வழி காட்டும்.

கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி. முதல் பதிவு ஆகி 50 வருஷம் தாண்டிய, பழைய உருவம் மாறாத கார்களுக்கு மத்திய அரசு 2021இல் தனிப் பதிவு முறை கொண்டு வந்தது. பாடியைப் பெரிதாக மாற்றி அமைத்த காருக்கு அது கிடைக்காது.

அண்ணன் இப்போது ஈர்க்குச்சி ஒடிப்பதில்லை. காகித டேப்பைக் கதவில் ஒட்டி, அதன் மேலேயே எழுதுகிறார். போன வாரம் பட்டறைக்குப் போனேன். ஒரு பச்சை அம்பாசடர் நின்றது. பின் கதவில் எழுதியிருந்தார்: "மேலே 4. நடுவில் 4. கீழே 6. நாளை பார்க்கணும்."