எரிமலைச் சீமையில் ஒரு குடியானவர் நாடு

ஐரோப்பாவின் வடமேற்கே, அட்லாண்டிக் சமுத்திரத்தின் நடுவில், வடதுருவ வட்டத்தைத் தொட்டும் தொடாமலும் கிடக்கிறது ஐஸ்லாந்துத் தீவு. பரப்பில் நம் தமிழ்நாட்டைவிடச் சற்றுச் சிறியது. ஜனத்தொகையோ 4 லட்சத்திற்கும் குறைவு. ரயில் போக்குவரத்து என்பதே அங்கு கிடையாது. ரெய்க்யாவிக் துறைமுகம் கட்டுவதற்காக 1913-இல் ஒரு சிறு இருப்புப்பாதை போட்டுக் கல் ஏற்றிச் சென்றார்கள். 1928-இல் அதுவும் நின்றுபோயிற்று. என் போன்ற ரயில்வே குமாஸ்தாவுக்கு அத்தேசத்தில் உத்தியோகம் இல்லை!

இத்தீவின் வடபகுதியில், கடல் மட்டத்திற்கு 277 மீட்டர் உயரத்தில், மீவாத்ன் என்றொரு ஏரி இருக்கிறது. அதன் கரையில் வாழும் சில நூறு மக்களின் வாழ்க்கையைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். ஏறக்குறைய 2,300 ஆண்டுகளுக்கு முன் ஓர் எரிமலைப் பிளவு உமிழ்ந்த கற்குழம்பு பள்ளத்தாக்கை அடைத்துக்கொண்டதால் இன்றைய ஏரி பிறந்தது. நீரும் சேறும் நிறைந்த நிலத்தின்மேல் அக்குழம்பு பாய்ந்தபோது, அடியில் அகப்பட்ட நீர் ஆவியாகி வெடித்துக் குழிந்த குன்றுகளை எழுப்பியது. கரையோரத்திலும் தீவுகளிலும் அவற்றை இன்றும் காணலாம். ஏரியின் பரப்பு 37 சதுரக் கிலோமீட்டர். ஆழமோ எங்கும் நான்கைந்து மீட்டருக்கு மேல் இல்லை.

மீவாத்ன் என்றால் அவர்கள் பாஷையில் 'சிறு பூச்சிகளின் ஏரி' என்று பொருள். கோடை வந்ததும் கொசுவைப் போன்ற சிறு பூச்சிகள் கோடிக்கணக்கில் கிளம்பிப் புகைத் தூண்கள் போல் கரையெங்கும் எழுந்து நிற்கின்றன. கண்ணிலும் மூக்கிலும் புகுந்து வழிப்போக்கரை வாட்டினாலும் ஊரார் அவற்றைச் சபிப்பதில்லை. அப்பூச்சிகளைத் தின்றே ஏரியில் டிரௌட் மீன் கொழுக்கிறது. ஆயிரக்கணக்கான காட்டு வாத்துகளும் குஞ்சு பொரிக்க வருகின்றன. வாத்து முட்டை எடுப்பது இக்குடியானவர்களின் பழைய உரிமை. ஆயினும் எந்தக் கூட்டையும் காலி செய்வதில்லை. குஞ்சாவதற்கென்று சில முட்டைகளை விட்டுவைத்தே மற்றதை எடுக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக இதே ஒழுங்கு.

ஏரிக்குக் கிழக்கே பூமி இன்றும் கொதிக்கிறது. ஆவி கிளம்பும் இடங்களில் குழி தோண்டி, ரை தானிய மாவைப் பிசைந்து பாத்திரத்திலிட்டு மூடிப் புதைத்துவிட்டால், சுமார் ஒரு நாளில் கருநிறமும் இனிப்பும் கொண்ட ரொட்டி வெந்திருக்கும். விறகு வேண்டியதில்லை, பக்கத்தில் நின்று காக்க வேண்டியதுமில்லை. நம் இட்லிப் பானையைப் பூமியே ஏற்றுக்கொண்டது போலத்தான். அந்த ரொட்டியின்மேல் வெண்ணெய் தடவிப் புகையூட்டிய டிரௌட் மீனை வைத்து உண்பார்கள். அந்தப் புகைக்கு எரிபொருள் என்ன தெரியுமா? ஆட்டுக் கொட்டிலில் மிதிபட்டு இறுகிய சாணத்தைக் கட்டி கட்டியாக வெட்டி உலர்த்தி எடுத்தது. மரம் அரிதான தேசமாதலால் நம் வறட்டியைப் போன்ற ஒன்று அங்கும் அடுப்பெரித்திருக்கிறது.

ஆடும் வைக்கோற்புல்லுமே அவர்களுடைய செல்வம். கோடை குறுகியது, ஜூன் மாதத்தில் இரவிலும் வெளிச்சம் போவதில்லை. அந்தச் சில வாரங்களுக்குள் புல்லை அறுத்து உலர்த்திச் சேமித்தாக வேண்டும். புல் பொய்த்தால் நீண்ட குளிர்காலத்தில் கொட்டிலிலுள்ள ஆடுகள் மடியும். முற்காலத்தில் ஆடு மடிந்தால் மனிதரும் மடிந்தனர். மே மாதம் பிறக்கும் குட்டிகளைத் தாய்களோடு மேட்டு நிலங்களுக்கு ஓட்டிவிடுவார்கள். வேலியில்லாத அந்தப் பொதுமேய்ச்சலில் எல்லாப் பண்ணைகளின் ஆடுகளும் கலந்தே திரியும். செப்டம்பரில் ஊரார் ஒன்றுகூடிக் குதிரையேறிச் சென்று அவற்றை இறக்கிக்கொண்டு வருவார்கள். கூட்டத்தை நடத்திச் செல்பவருக்கு 'மலையரசன்' என்று பட்டம். அந்த நாட்களில் அவர் சொல்லே சட்டம். கீழே வட்டமான பட்டி ஒன்று உண்டு; நடுவே பெரிய முற்றம், சுற்றிலும் பண்ணைக்கு ஒன்றாக அறைகள். காதில் வெட்டிய குறியைப் பார்த்து அவரவர் ஆட்டைப் பிரித்துக்கொள்வார்கள். குறிகள் பதிவேட்டில் அச்சாகியிருக்கும். தகப்பன் குறியைப் பிள்ளை பெறுவதுண்டு. வேலை முடிந்ததும் பாட்டும் விருந்தும். நம் மாட்டுப் பொங்கலின் களிப்பை அதில் காணலாம்.

2012 செப்டம்பரில் ஆடுகள் இறங்குவதற்குள் பெரும் பனிப்புயல் வடபகுதியைத் தாக்கி ஆயிரக்கணக்கான ஆடுகளைப் புதைத்துவிட்டது. பண்ணைக்காரரும் தொண்டர்களும் கோலால் பனியைக் குத்திக் குத்தித் தேடினர். வாரக்கணக்கில் புதையுண்டு கிடந்தும் உயிரோடு வெளிவந்த ஆடுகள் உண்டு.

இனி நெருப்பின் கதை. 1724-இல் இப்பிரதேசத்தில் தொடங்கிய எரிமலைச் சீற்றம் 1729 வரை நீடித்தது. கடைசி வருஷத்தில் கற்குழம்பு ரெய்க்யாலீத் என்ற பண்ணையை விழுங்கி ஏரிக்குள் இறங்கியது. ஆனால் அங்கிருந்த மாதா கோவிலை நெருங்கியதும் இரண்டாகப் பிரிந்து ஒதுங்கிச் சென்றுவிட்டது. தெய்வச் செயல் என்றார்கள் பக்தர்கள். கோவில் சற்று மேட்டில் நின்றது என்றார்கள் மற்றவர்கள். இன்றுள்ள கட்டடம் பிற்காலத்தது, இடம் அதேதான்.

1875-இல் ஆஸ்க்யா எரிமலை வெடித்துக் கிழக்குப் பகுதியின் புல்வெளிகளைச் சாம்பலால் மூடியது. பண்ணைகள் பாழாயின. அதற்குமுன்பே தொடங்கியிருந்த புலப்பெயர்ச்சி வேகமடைந்தது. அதே வருஷம் ஒரு கூட்டம் கனடாவின் வின்னிபெக் ஏரிக்கரையில் கிம்லி என்ற குடியிருப்பை அமைத்தது. குளிரும் அம்மை நோயும் வாட்டிய அந்நிலையிலும் 1877-இல் தங்கள் தாய்மொழியில் பத்திரிகை ஒன்றைத் தொடங்கினார்கள்! அது மூன்று ஆண்டுகளில் நின்றது. பின்னர் 1886-இலும் 1888-இலும் எழுந்த வேறு இரண்டு பத்திரிகைகள் போட்டியிட்டு வளர்ந்து 1959-இல் ஒன்றாயின. சங்கப் பத்திரிகை நடத்தும் நமக்கு இதன் அருமை நன்கு விளங்கும். புல்தரை வீடுகளின் நீண்ட குளிர்கால இரவில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் கம்பளி நூற்றுக்கொண்டே கேட்பது அவர்களுடைய பழைய வழக்கம். கப்பலேறியபோது அவ்வழக்கமும் கூடவே ஏறியது.

இன்னொன்றும் நம்மவருக்குச் சுவையாக இருக்கும். ஐஸ்லாந்தியரில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரோடு 'மகன்', 'மகள்' என்ற சொல் சேரும், அவ்வளவே. கனடாவில் அதிகாரிகள் கேட்டபோது நிலையான ஒரு பெயரைப் பலர் சூட்டிக்கொள்ள நேர்ந்தது. பள்ளிக்கூட விண்ணப்பத்தில் 'சர்நேம்' என்ற கட்டத்தின் முன் திகைத்து நிற்கும் நம் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஊரில் தங்கியவர்களுக்கு வேறொரு சோதனை வந்தது. மீவாத்ன் ஏரியிலிருந்து லாக்ஸௌ என்ற ஆறு வடக்கே ஓடுகிறது. சால்மன் மீனுக்குப் பேர்போன ஆறு. அதில் பேரணை கட்டி மின்சாரம் எடுக்க ஒரு திட்டம் வகுத்தார்கள். அது நிறைவேறியிருந்தால் பள்ளத்தாக்கின் பண்ணைகள் நீரில் மூழ்கியிருக்கும். மனுக்கள் பறந்தன, பயனில்லை. 1970 ஆகஸ்டு 25-ஆம் தேதி குடியானவர்கள் திரண்டு சென்று, ஏரியின் வாயிலில் முன்பே கட்டியிருந்த சிறு அணை ஒன்றை வெடிவைத்துத் தகர்த்தார்கள். திரி கொளுத்தியவர் யார் என்று போலீஸார் விசாரித்தபோது நூற்றுக்கும் மேற்பட்டோர் 'நாங்களே செய்தோம்' என்று முன்வந்தனர். யாரைப் பிடிப்பது? வழக்கு நடந்தது, பெருந்தண்டனை எவருக்கும் வரவில்லை. பேரணைத் திட்டம் கைவிடப்பட்டது. 1974-இல் ஏரியையும் ஆற்றையும் காக்கத் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. வெடிவைத்ததை நான் மெச்சவில்லை. ஆனால் ஒருவரும் மற்றொருவரைக் காட்டிக்கொடுக்காததை மெச்சாமலிருக்க முடியவில்லை.

மறு வருஷமே, 1975 டிசம்பரில், அருகிலுள்ள கிராப்ளா எரிமலை விழித்துக்கொண்டது. ஒன்பது ஆண்டுகளில் ஒன்பது முறை வெடித்தது. பூமியின் ஆவியைப் பயன்படுத்தத் தோண்டியிருந்த கிணறு ஒன்றின் வழியாகவே 1977-இல் கற்குழம்பு பீறிட்டதும் உண்டு. ஊரார் ஊரை விட்டுப் போகவில்லை. கடைசி வெடிப்பு 1984 செப்டம்பரில் அடங்கியது. அது ஆடுகள் மலையிலிருந்து இறங்கும் மாதம்.