இருதயக் குழாய்க்கு ஏற்ற உலோகம் எது?

இருதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் அடைபட்டால், அதை விரித்து, மீண்டும் மூடாதபடி உள்ளே சிறிய உலோக வலைக்கூடு ஒன்றை வைக்கிறார்கள். அதுதான் ஸ்டென்ட். 1986இல் முதன்முதலாக மனிதருக்கு வைக்கப்பட்டது.

தொடக்கத்தில் நம் வீட்டு எவர்சில்வர் போன்ற துருப்பிடிக்காத எஃகே பயன்பட்டது. தங்கம் பூசினால் இன்னும் நல்லதல்லவா என்று நமக்குத் தோன்றும். ஜெர்மானிய மருத்துவர்கள் அதைச் சோதித்து, 2000இல் முடிவை வெளியிட்டார்கள். வெறும் எஃகு வைத்தவர்களில் நூற்றுக்கு 38 பேருக்குக் குழாய் மீண்டும் குறுகியது. தங்கம் பூசியதை வைத்தவர்களிலோ 50 பேருக்கு! விலை உயர்ந்ததெல்லாம் உடலுக்கு உகந்ததல்ல.

கம்பியின் பருமனும் முக்கியம். 2001இல் வெளிவந்த ஆய்வில், 0.14 மில்லிமீட்டர் கம்பி வைத்தவர்களில் நூற்றுக்கு 26 பேருக்கும், 0.05 மில்லிமீட்டர் கம்பி வைத்தவர்களில் 15 பேருக்குமே குழாய் குறுகியது. கோபால்ட்-குரோமியம் கலவை எஃகைவிட உறுதியானது. ஆகவே மெல்லிய கம்பியாக்கலாம். இன்று அதன்மேல் மருந்தும் பூசுகிறார்கள்.

ஆயினும், எந்த உலோகமும் உடலுக்கு அந்நியமே. அதன்மேல் இரத்தம் உறைந்தால் மாரடைப்பு வரும். அதைத் தடுக்கவே மாத்திரை தருகிறார்கள். "நெஞ்சுவலிதான் போய்விட்டதே" என்று, மருத்துவரைக் கேட்காமல் அதை ஒருநாளும் நிறுத்தாதிருப்போம்.